இல்லறமும் பொதுவாழ்வும்: அரசியலில் மாதர்

தோட்டத்துச் சங்கத்திற்கோ, ஆலய நிர்வாகத்திற்கோ, தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கோ செயலவையினரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில் எப்போதாவது ஒரு பெண்ணின் பெயரும் முன்மொழியப்படுவதுண்டு. அப்பெண் எழுந்து, “வீட்டு வேலைக்கே பொழுது போதவில்லை, பிள்ளைகள் சிறியவர்கள், வேறு யாரையாவது போடுங்கள்” என்று கூறி அமர்ந்து விடுவார். கூட்டத்தினரும் மறுபேச்சின்றி அதனை ஒப்புக்கொள்வர். அடுத்து ஓர் ஆணின் பெயர் முன்மொழியப்படும். அவருக்கும் வீடு உண்டு. அவருக்கும் சிறு பிள்ளைகள் உண்டு. ஆயினும், அவர் அக்காரணத்தைக் கூறுவதில்லை. கூறுவார் என்று எவரும் எதிர்பார்ப்பதுமில்லை.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? இல்லறத்தையும் பொதுவாழ்வையும் ஒருங்கே நடத்திய பெண்கள் அதனை எவ்வாறு நடத்தினர்? அவர்களுக்குத் துணை நின்றவை எவை? அத்துணை நம் தோட்டத்துப் பெண்களுக்கும் கிட்ட வேண்டுமாயின் நாம் செய்யத்தக்கது யாது? இவ்வினாக்களை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும். மாதர் வகுப்பினர் மட்டுமன்றி, அவர்தம் கணவன்மாரும் உடனிருந்து இதனைப் படித்தல் நன்று.

1. முன்னோடிகள்

பெண்கள் அரசியலில் ஈடுபடுவது நம் நாட்டிற்குப் புதியதன்று. சுதந்திரத்திற்கு முன்னர், 1955ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடைபெற்ற முதல் கூட்டரசுத் தேர்தலில் 52 இடங்களுக்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பெண். உலு சிலாங்கூர் தொகுதியில் வெற்றி பெற்ற ஹலிமாத்தோன் அப்துல் மஜீத் அவர். ஐம்பத்தோர் ஆடவர் நடுவே ஒரு பெண்ணாக அமர்ந்து அவர் கடமையாற்றினார்.

1969ஆம் ஆண்டில் தான் ஸ்ரீ பாத்திமா ஹாஷிம் சமூகநல அமைச்சராக நியமிக்கப்பட்டு, நாட்டின் முதல் பெண் அமைச்சரானார். அவருக்குப் பின் 1973இல் அப்பொறுப்பை ஏற்ற தான் ஸ்ரீ ஆயிஷா கனி 1984 வரை அதனை வகித்தார். இவர் மணமான பின்னர் இலண்டன் சென்று பத்திரிகைத் துறையைக் கற்றுத் திரும்பியவர் என்பது குறிப்பிடத்தக்கது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் விரிவுரையாளராக இருந்த தான் ஸ்ரீ ரபிடா அசிஸ், மூன்று பிள்ளைகளின் தாயாக இருந்துகொண்டே, 1987 முதல் 2008 வரை அனைத்துலக வாணிப அமைச்சை நடத்தினார்.

இந்தியப் பெண்களின் பொதுவாழ்வு இதற்கும் முன்னரே தொடங்கிற்று. 1943ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது, அதில் சேர்ந்தவர்களுள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற பெண்கள் பலர். வாசற்படி தாண்டிப் பழகாதவர் என்று கருதப்பட்ட அவர்கள் சீருடை அணிந்து, துப்பாக்கி ஏந்திப் பயிற்சி பெற்றனர். அப்படையில் இரண்டாம் நிலைத் தளபதியாக விளங்கியவர் கோலாலம்பூரைச் சேர்ந்த புவான் ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பன். போருக்குப் பின் 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தோற்றத்தில் பங்கு கொண்ட அவர், பிற்காலத்தில் மேலவை உறுப்பினராகவும் பணியாற்றினார். அதே படையில் பதினாறு வயதிலே சேர்ந்த ராசம்மா பூபாலன் பின்னர் ஆசிரியையாகி, 1960இல் பெண் ஆசிரியர்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்து, சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டுமெனப் போராடினார்.

அப்போராட்டத்தின் காரணத்தை இக்காலத்து இளம்பெண்கள் அறிந்துகொள்ள வேண்டும். அன்று ஒரே கல்லூரியில் பயின்று, ஒரே வகுப்பில் பாடம் நடத்திய ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளமே கிடைத்தது. அவர் மணம் புரிந்துகொண்டால் நிரந்தர ஊழியர் என்ற நிலையை இழந்து, தற்காலிக ஊழியராக நடத்தப்படும் வழக்கமும் இருந்தது. திருமணமான பெண்ணுக்கு வீடே முதல் வேலை. வெளிவேலை இடையிலே வந்தது என்ற எண்ணமே இவ்வழக்கத்திற்கு அடிப்படை. 1960களின் முடிவிற்குள் அரசாங்கச் சேவையில் சம ஊதியக் கொள்கை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. விதி மாறிற்று. அவ்விதியைப் பெற்றெடுத்த எண்ணம் அத்துணை விரைவில் மாறவில்லை.

2. இருவர் கூடி வகுத்த ஏற்பாடு

இம்முன்னோடிகளைப் போற்றுகின்றபோது நாம் பொதுவாக ஒன்றைச் சொல்லி முடித்து விடுகிறோம்: “அவர்கள் மனவுறுதி படைத்தவர்கள், வீட்டையும் நாட்டையும் இரு கண்களாகக் காத்தார்கள்.” இப்புகழுரை உண்மையே ஆயினும் முழு உண்மை ஆகாது. ஒரு நாளைக்கு இருபத்து நான்கு மணி நேரமே உண்டு. ஒருவர் எத்துணை உறுதி படைத்தவராயினும், மாலை ஏழு மணிக்குக் கூட்ட மேடையிலும் அடுப்பங்கரையிலும் ஒரே வேளையில் நிற்றல் இயலாது. அவர் மேடையில் நின்றார் எனின், அடுப்பங்கரையில் வேறொருவர் நின்றிருத்தல் வேண்டும். அந்த வேறொருவர் யார் என்று கேட்பதே இவ்விஷயத்தைச் சரியாகப் படிக்கும் முறையாகும்.

சில குடும்பங்களில் அது கணவனும் மனைவியும் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடாக அமைந்தது. தான் ஸ்ரீ பாத்திமா அமைச்சராக இருந்த காலத்தில் அவர்தம் கணவர் தான் ஸ்ரீ அப்துல் காதிர் யூசோப்பும் நாட்டின் சட்டத்துறைத் தலைவராகவும் பின்னர் அமைச்சராகவும் உயர்பொறுப்பில் இருந்தார். ஒரே இல்லத்தில் இரு பொதுவாழ்வுகள் நடைபெற்றன. ஒருவர் உயர்வதற்கு மற்றவர் ஒதுங்கியே தீரவேண்டும் என்பதில்லை என அவ்வில்லம் நாட்டிற்குக் காட்டிற்று.

தமிழர் வரலாற்றில் இதற்கு இன்னும் தெளிவான சான்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை. சென்னை மாகாணத்தின் சட்டமன்ற மேலவையில் முதல் பெண் உறுப்பினராக அமர்ந்து, அதன் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டதும், ஆதரவற்ற சிறுமியர்க்காக அவ்வை இல்லத்தை நிறுவியதும், அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவ நிலையம் தோன்றக் காரணமாக இருந்ததும் பலரும் அறிந்த செய்திகள். பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. 1914ஆம் ஆண்டில் அவரை டாக்டர் சுந்தர ரெட்டி மணம் புரிந்துகொள்ள விரும்பியபோது, தம்மைச் சரிசமமாக மதித்து நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்ற நிபந்தனையை அவர் முன்வைத்தார். மாப்பிள்ளையும் அதற்கு இசைந்த பின்னரே மணம் நடைபெற்றது. இரு புதல்வர்களை வளர்த்துக்கொண்டே அவர் ஆற்றிய பணிகள் யாவும் அவ்வுடன்படிக்கையின் மேல் எழுந்தவை.

இதிலிருந்து நாம் அறியத்தக்க பாடம் எளியது. பங்கீடு என்பது பளு வந்து அழுத்திய பின் சண்டையிட்டுப் பெறுவதாக இருத்தல் நன்றன்று. முன்கூட்டியே பேசி வகுத்துக்கொள்வதாக இருத்தல் வேண்டும். சீர்வரிசையைப் பற்றியும் விருந்தைப் பற்றியும் பல நாள் பேசும் நம் சம்பந்திகள், பெண் தொடர்ந்து படிப்பாளா, வேலைக்குச் செல்வாளா, அப்போது வீட்டுப் பொறுப்பை எவ்வாறு பகிர்வது என்பதை ஒரு நாழிகையேனும் பேசினால் எத்துணை நலம் விளையும்!

3. இரு பிரசவங்கள், இரு பிரதமர்கள்

உலக நாடுகளிலிருந்து இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

பாகிஸ்தானில் 1988ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பொதுத் தேர்தல் நடந்தபோது பெனாசிர் புட்டோவின் மூத்த மகன் பிறந்து இரு மாதங்களே ஆகியிருந்தன. கைக்குழந்தையுடன் தேர்தலைச் சந்தித்து வென்று அவர் பிரதமரானார். 1990ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பதவியில் இருக்கும்போதே, அவர் ஒரு பெண்மகவை ஈன்றெடுத்தார். மறுநாளே அலுவற் கோப்புகளைப் படித்துக் கையொப்பமிடத் தொடங்கியதாக அவரே பின்னர் கூறியுள்ளார். பிரசவம் என்ற இயற்கை நிகழ்ச்சியை எதிராளிகள் ஆட்சிக்கு எதிரான வாதமாக்கி விடுவரோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. ஆகவே, உடல் தேறுவதற்குரிய ஓய்வையும் விட்டுக்கொடுத்து, தாம் சற்றும் தளரவில்லை என்று காட்ட வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம், நியூசிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் பதவியில் இருக்கும்போதே ஒரு பெண்மகவைப் பெற்றார். அவர் நாட்டு மக்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, ஆறு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டார். அக்காலத்தில் துணைப்பிரதமர் அவர் பொறுப்பை ஏற்று நடத்தினார். விடுப்பு முடிந்து அவர் பணிக்குத் திரும்பியபோது, குழந்தையை வீட்டிலிருந்து கவனிக்கும் பொறுப்பை அவர்தம் துணைவர் ஏற்றார். அரசாங்கம் தடையின்றி நடந்தது, குழந்தையும் வளர்ந்தது.

இவ்விருவருள் ஒருவர் துணிவு மிக்கவர், மற்றவர் குறைந்தவர் என்று நாம் கூறுதல் தகாது. இரண்டாமவருக்குக் கிட்டிய மூன்று வசதிகள் முதலாமவருக்குக் கிட்டவில்லை என்பதே வேறுபாடு. பிரசவ விடுப்பு என்னும் உரிமை ஒன்று. பொறுப்பை ஏற்று நடத்த ஒப்புக்கொண்ட சக ஊழியர் இரண்டு. குழந்தையை ஏற்றுக்கொண்ட கணவர் நிலையிலுள்ளவர் மூன்று. பிரதமராயினும், பால்மரம் வெட்டும் தொழிலாளியாயினும், தாயான பெண் வேலைக்குத் திரும்ப வேண்டுமெனின் வேண்டப்படுபவை இம்மூன்றேயாம். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பிரதமராக இருந்த ஆர்டெர்ன், அப்பதவிக்கு வேண்டிய வலு இனித் தம்மிடம் இல்லையென்று கூறி 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விலகினார். வசதிகள் பளுவைக் குறைக்கும். அறவே நீக்கி விடா என்பதையும் நாம் மறத்தலாகாது.

4. வெற்றிடம்

வசதிகள் இல்லாதபோது யாது நிகழும் என்பதற்கு நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரின் வரலாறு சான்று பகரும்.

1959ஆம் ஆண்டுத் தேர்தலில் சிங்கப்பூர்ச் சட்டமன்றத்திற்குச் சென்ற பெண்களுள் ஒருவர் சான் சோய் சியோங். ஒருவனுக்கு ஒருத்தி என்ற நெறியைச் சட்டமாக்கி, மனைவியின் சொத்துரிமையையும் காத்த 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம் நிறைவேறுவதற்கு முன்னின்று உழைத்தவர் அவர். 1970இல் அவர் நாடாளுமன்றத்திலிருந்து விலகினார். அதன் பின்னர் 1984ஆம் ஆண்டின் இறுதி வரையில், பதினான்கு ஆண்டுகள், சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் ஒரு பெண்ணும் இல்லை. 1984 தேர்தலில் மூன்று பெண்கள் வென்ற பின்னரே அவ்வெற்றிடம் நிரம்பிற்று.

பதினான்கு ஆண்டுகள் என்பது ஒரு குழந்தை பிறந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் காலம். ஒருவர் இருவரின் மனவுறுதியை மட்டும் நம்பி நிற்கும் ஏற்பாடு எத்துணை மெலிந்தது என்பதை இது காட்டுகிறது. அவர் விலகியவுடன் பாதையே மூடிக்கொள்கிறது. பாதை அமைந்து விட்டாலோ, ஒருவர் விலகினாலும் அடுத்தவர் வருவார். அதே சிங்கப்பூரில், தள்ளுவண்டியில் உணவு விற்ற ஒரு கைம்பெண்ணின் மகளாக வளர்ந்து, தொழிற்சங்கத்தில் பணியாற்றி, ஐந்து பிள்ளைகளை வளர்த்த ஹலிமா யாக்கோப், 2013இல் நாடாளுமன்ற சபாநாயகராகவும், 2017 முதல் 2023 வரை அதிபராகவும் விளங்கினார்.

குடும்பத்தை முன்னிட்டு விலகியவர்கள் உண்டு. குடும்பத்தை முன்னிட்டே அரசியலுக்கு வந்தவர்களும் உண்டு. இலங்கையில் 1959இல் கணவர் கொலையுண்ட பின், மூன்று பிள்ளைகளின் தாயாகிய சிறிமாவோ பண்டாரநாயக்க அரசியலில் இறங்கி, 1960ஆம் ஆண்டு ஜூலை மாதம் உலகின் முதல் பெண் பிரதமரானார். நம் நாட்டில் கண் மருத்துவராக இருந்த டாக்டர் வான் அசிசா வான் இஸ்மாயில், ஆறு பிள்ளைகளின் தாய். 1998இல் கணவர் சிறைப்பட்டதன் பின் கட்சித் தலைமையை ஏற்றார். 2018 முதல் 2020 வரை நாட்டின் முதல் பெண் துணைப்பிரதமராகவும் பணியாற்றினார். துன்பம் வந்துற்றபோது குடும்பப் பொறுப்போடு நாட்டுப் பொறுப்பையும் சுமக்கும் ஆற்றல் பெண்களுக்கு உண்டென்று உலகம் அப்போது ஒப்புக்கொண்டது. துன்பம் வராத காலத்தில் மட்டும் அவ்வாற்றலை ஐயுறுவது எவ்வாறு பொருந்தும்?

5. எண்ணிக்கையும் காரணமும்

2022ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலேசிய நாடாளுமன்றத்தின் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 222 உறுப்பினர்களுள் பெண்கள் ஏறத்தாழ முப்பதின்மரே. வாக்காளர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்களாயிருக்க, அவையில் அவர்கள் ஏழில் ஒரு பங்கையும் எட்டவில்லை. இக்குறைவிற்குக் காரணங்கள் பல. அவற்றுள் குடும்பத்தோடு தொடர்புடைய மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, வயது. அரசியல் என்பது படிப்படியாக ஏறும் ஏணி. கிளை, தொகுதி, மாநிலம், தேசம் என்று ஏறுவதற்குப் பல்லாண்டுகள் ஆகும். ஆடவர் அவ்வேணியில் கால்வைக்கும் இருபத்தைந்து முதல் நாற்பது வரையிலான பருவமே பெண்கள் பிள்ளை பெற்று வளர்க்கும் பருவம். பிள்ளைகள் தலையெடுத்த பின் அவர் வரும்போது ஏணியின் மேற்படிகள் நிரம்பி விடுகின்றன.

இரண்டாவது, நேரம். கிளைக்கூட்டங்கள் பெரும்பாலும் இரவு எட்டு மணிக்குத் தொடங்குகின்றன. அது பிள்ளைகளுக்கு உணவளித்து, பாடம் பார்த்து, உறங்க வைக்கும் நேரம். நாடாளுமன்ற உறுப்பினராகி விட்டாலோ, கூட்டத்தொடர்க் காலத்தில் திங்கள் முதல் வியாழன் வரை தலைநகரில் இருத்தல் வேண்டும். வார இறுதியில் தொகுதிக்குத் திரும்பித் திருமணத்திற்கும், துக்க வீட்டிற்கும், திருவிழாவிற்கும், வெள்ளம் சூழ்ந்த கம்பத்திற்கும் செல்லுதல் வேண்டும். பிறர் ஓய்ந்திருக்கும் நேரமே அவருக்கு வேலை நேரம்.

மூன்றாவது, ஊரார் பேச்சு. இரவில் வீடு திரும்பும் ஆண் தலைவரை “ஊருக்கு உழைக்கிறார்” என்று சொல்லும் வாய், அதே நேரத்தில் திரும்பும் பெண்ணைப் பற்றி வேறு விதமாகப் பேசுகிறது. அவர்தம் பிள்ளை தேர்வில் தவறினால், “தாய் வீட்டில் இருந்தால்தானே” என்கிறது. இப்பேச்சிற்கு அஞ்சியே திறமையுள்ள பலர் பின்வாங்கி விடுகின்றனர்.

இவற்றோடு மற்றொன்றையும் ஒளிக்காமல் கூற வேண்டும். அரசியலில் உயர்ந்த பெண்களுள் பலர் வழக்கறிஞர், மருத்துவர், ஆசிரியர் போன்ற தொழில் புரிந்தவர்கள். வசதியுள்ள குடும்பம் சம்பளம் கொடுத்து ஒரு பணிப்பெண்ணை அமர்த்திக்கொள்ளும். அன்றேல் தாயோ மாமியாரோ உடனிருந்து பார்த்துக்கொள்வார். ஆனால், அப்பணிப்பெண்ணும் ஒரு தாயே. தம் பிள்ளையை ஊரிலே யாரிடமோ விட்டு விட்டு, பிறர் பிள்ளையை வளர்க்கவே அவர் வந்திருக்கிறார். பணம் உள்ளவர் பளுவை இவ்வாறு இன்னொரு பெண்ணின் தோளுக்கு மாற்றி விடலாம். பணம் இல்லாதவர் யாது செய்வது? அவருக்கு வேண்டியது பொதுவான ஏற்பாடு.

6. தோட்டம் கற்பித்த பாடம்

அப்பொதுவான ஏற்பாட்டை நம் தோட்டத்து மக்கள் நெடுங்காலத்திற்கு முன்பே கண்டறிந்தவர்கள். ரப்பர் செழித்திருந்த காலத்தில் தோட்டத்துப் பெண் விடியலுக்கு வெகு முன்னரே எழுந்து, சமைத்து, கைக்குழந்தையைத் துணியிற் சுற்றி எடுத்துச் சென்று ஆயாக்கொட்டகையில் விட்டு, பிரட்டுக்கு ஓடுவார். நண்பகல் வரையில் மரம் வெட்டிப் பாலெடுத்து நிறுவைக்குக் கொண்டு செல்லும் வரையில், அக்கொட்டகையில் வயது முதிர்ந்த ஓர் ஆயா, வரிசையாகக் கட்டிய ஏணைகளை ஆட்டி, அத்தனை பிள்ளைகளையும் காத்திருப்பார். அக்கொட்டகை இல்லையேல் அப்பெண்ணுக்கு வேலை இல்லை; அவர் வருமானம் இல்லையேல் அக்குடும்பத்திற்குச் சோறு இல்லை.

ஆகவே, “தாய் வெளியே சென்றால் பிள்ளை கெட்டுப் போகும்” என்று தோட்டம் ஒருநாளும் கூறவில்லை. கூலிக்காக அவர் வெளியே செல்வதை அனைவரும் ஏற்றுக்கொண்டனர். அதற்கான வசதியையும் செய்தனர். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் சங்கக் கூட்டத்திற்கு அவர் செல்வதற்கு மட்டும் அதே வசதியைச் செய்ய எவருக்கும் தோன்றவில்லை. பால் வாளி தூக்கும்போது தடையாகாத பிள்ளை, கை தூக்கி வாக்களிக்கும்போது மட்டும் தடையாவது எவ்வாறு?

இதனால் விளைந்த இழப்பு பெண்களுக்கு மட்டும் உரியதன்று. குழாயில் தண்ணீர் எந்நேரம் நிற்கிறது, ஆயாக்கொட்டகையில் பால் மாவு எத்தனை நாளுக்குப் போதும், பள்ளிப் பேருந்து எங்கே பிள்ளைகளை விட்டுச் செல்கிறது, சம்பள நாளன்று எவ்வளவு பணம் சாராயக்கடையிலேயே நின்று விடுகிறது என்பனவற்றை நன்கறிந்தவர்கள் பெண்கள். அவற்றைப் பற்றி முடிவெடுத்த கூட்டங்களிலோ அவர்கள் இருந்தது அரிது. பல தோட்டங்கள் இன்று செம்பனைக்கும் வீடமைப்பிற்கும் இடம் விட்டன. பல குடும்பங்கள் பட்டணத்தின் ஓரங்களிலுள்ள அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்து விட்டன. அங்கே ஆயாக்கொட்டகை இல்லை. அடுத்த வீட்டார் பழக்கமில்லை. பழைய ஏற்பாட்டின் பயனைப் புதிய இடத்தில் எவ்வாறு பெறுவது என்பது நம் முன்னுள்ள வினா.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து பிரசவ விடுப்பு 60 நாட்களிலிருந்து 98 நாட்களாக உயர்ந்துள்ளது. மணமான தந்தைக்கும் ஏழு நாள் விடுப்பு முதன்முறையாக அச்சட்டத்தில் இடம் பெற்றது. ஏழு நாள் சிறிதெனினும், குழந்தை தந்தைக்கும் உரிய பொறுப்பு என்று சட்டம் எழுத்திலே ஒப்புக்கொண்டது சிறிதன்று. 2001இல் கூட்டரசு அரசியலமைப்பின் எட்டாவது பிரிவு திருத்தப்பட்டு, ஆண் பெண் என்ற பால் காரணமாகப் பாகுபாடு காட்டுதல் கூடாதென்பதும் சேர்க்கப்பட்டது. பொதுத்துறையில் முடிவெடுக்கும் பதவிகளில் குறைந்தது 30 விழுக்காடு பெண்கள் இருத்தல் வேண்டுமென்ற கொள்கையை 2004இல் அரசாங்கம் ஏற்றது. ஆயினும், இரவு எட்டு மணிக் கூட்டத்தை மாலை நான்கு மணிக்கு மாற்றும் சட்டம் எதுவும் இல்லை. அதனை நாமே செய்துகொள்ளுதல் வேண்டும்.

7. நாம் செய்யத்தக்கவை

பெருஞ்செலவின்றி, இம்மாதமே தொடங்கத்தக்க சிலவற்றைக் கீழே தருகிறோம்.

(அ) கூட்ட நேரத்தைப் பெண்களைக் கேட்டு அமைத்தல். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி பலருக்கும் ஏற்றதாயிருக்கும். குறித்த நேரத்தில் தொடங்கி, குறித்த நேரத்தில் முடித்தல் வேண்டும். முடிவு நேரம் தெரியாத கூட்டத்திற்குத் தாய் ஒருவர் வருதல் அரிது.

(ஆ) கூட்டம் நடக்கும் இடத்திற்கு அடுத்த அறையில் பிள்ளைகளுக்குப் பாய் விரித்து, படமும் கதைப்புத்தகமும் வைத்து, இருவரைக் காவலுக்கு அமர்த்துதல். ஒரு கூட்டத்திற்குப் பெண்கள் காத்தால், அடுத்த கூட்டத்திற்கு ஆண்கள் காத்தல் முறை.

(இ) செயலவைக்கு ஒரே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தலைத் தவிர்த்து, இருவர் மூவராகத் தேர்ந்தெடுத்தல். ஒருவருக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் செல்வார். தனியே அமர்ந்திருக்கும் பெண்ணிடம் தேநீர் ஏற்பாட்டை ஒப்படைத்து விடும் வழக்கமும் இதனால் நீங்கும்.

(ஈ) வீட்டிலே வேலைகளை எழுதிப் பார்த்தல். சமையல், துணி, தண்ணீர், பிள்ளையின் பாடம், கடை, மருத்துவமனை என ஒவ்வொன்றின் எதிரிலும் அதனைச் செய்பவர் பெயரைக் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுக. எழுதி முடித்த பின் விளக்கவுரை தேவையிராது. மகனுக்கும் மகளுக்கும் சமமாக வேலை கொடுத்துப் பழக்குதலும் இதனோடு சேர்ந்தது.

(உ) கணக்கு வைத்தல், நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுதல், மேடையில் ஐந்து நிமிடம் பேசுதல் ஆகியவற்றில் பயிற்சி பெறுதல். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கூட்டுறவுச் சங்கமும் தொழிற்சங்கக் கிளையும் இதற்கு நல்ல பயிற்சிக்கூடங்கள். நாடாளுமன்றம் வரை செல்லும் பாதையின் முதற்படி இங்கேதான் இருக்கிறது.

பொதுவாழ்விற்கு வரும் பெண்ணுக்கும் நாம் ஒன்று கூற விரும்புகிறோம். இரண்டையும் குறைவறச் செய்ய வேண்டுமென்று தம்மைத் தாமே வருத்திக்கொள்ள வேண்டா. சில நாட்களில் சோறு கடையிலிருந்து வரும்; சில நாட்களில் கூட்டத்திற்குச் செல்ல இயலாது போகும். நோயுற்ற பிள்ளையின் அருகில் இருப்பதற்காகக் கூட்டத்திற்கு வராதவரை எவரும் குறை கூறலாகாது. அதே காரணத்திற்காக ஓர் ஆண் செயலாளர் வாராதிருந்தால், அவரையும் பாராட்டுவோமாக. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் பழமொழி. தேர்வடத்தில் பாதிக் கைகள் படாதிருந்தால் தேர் எவ்வாறு நிலைக்கு வந்து சேரும்?

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. உங்கள் தோட்டத்திலோ குடியிருப்பிலோ உள்ள சங்கங்களின் செயலவைகளில் பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் வகிக்கும் பொறுப்புகள் யாவை?

2. கடைசியாக நடந்த பொதுக்கூட்டம் எந்நேரத்தில் தொடங்கி எந்நேரத்தில் முடிந்தது? அந்நேரத்தில் உங்கள் இல்லத்தில் பிள்ளைகளைக் கவனித்தவர் யார்?

3. பெனாசிர் புட்டோவிற்குக் கிட்டாமல் ஜசிந்தா ஆர்டெர்னுக்குக் கிட்டிய மூன்று வசதிகளைக் கூறுக. அவற்றுள் உங்கள் குடும்பத்தில் உள்ளவை எவை? இல்லாதவற்றை உண்டாக்கும் வழி யாது?

4. பழைய ஆயாக்கொட்டகையைப் போன்ற ஒன்றை இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்பில் அமைக்க வேண்டுமாயின் இடம், ஆள், செலவு ஆகியவற்றை எவ்வாறு திரட்டுவீர்கள்?

5. உங்கள் மகள் ஒருநாள், “நான் தேர்தலில் நிற்க விரும்புகிறேன்” என்று கூறினால், அவளிடம் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி என்னவாயிருக்கும்? அதே கேள்வியை உங்கள் மகனிடமும் கேட்பீர்களா?